மூன்றாவது வரியில் தாமதிக்கும் தாளம்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சின்ன அறையில் ஒரு மடிகணினி, ஒரு மைக், ஜன்னலை அடைக்க ஒரு பழைய மெத்தை. என் ஒலிப்பதிவுக்கூடம் அவ்வளவுதான். வார நாட்களில் காப்புறுதி அலுவலகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர்கள் பாட வருவார்கள். பதிவு செய்து, மென்பொருளில் டிரம்ஸ் சேர்த்துக் கொடுப்பேன். நான் டிரம்ஸ் வாசிக்கத் தெரிந்தவன் அல்லன். திரையிலுள்ள கட்டங்களில் எந்த அடி எங்கே விழவேண்டும் என்று குறித்துவிட்டால் கணினி வாசிக்கும்.

போன வருடம் மனைவியின் தங்கை கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தாள். பாலர் பாடசாலை ஆசிரியை. மகளுக்கு ஐந்து வயது நிறையப் போகிறது, அவளுக்காகத் தான் கட்டிய தாலாட்டைப் பதிவு செய்து தர வேண்டும் என்றாள். ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, வேகம் மாறாமலிருக்க ‘டிக் டிக்’ என்ற சத்தத்தை ஓடவிட்டேன். இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிட்டாள்.

“இந்தச் சத்தம் கேட்டா எனக்குப் பாட்டே வருதில்ல அத்தான்.”

“அப்ப அது வேண்டாம். உமக்கு வாறமாதிரிப் பாடும்.”

பாடினாள். அவள் போன பிறகு டிரம்ஸைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு வரிகள் பொருந்தின. மூன்றாவது வரியில் டிரம்ஸ் முன்னால் போக, குரல் பின்னால் நின்றது. ஒவ்வொரு சரணத்திலும் இதே கதை.

“உம்மட தங்கச்சிக்குத் தாளம் நிக்குதில்லை,” என்றேன் மனைவியிடம்.

“அவள் சின்னதில இருந்து சேர்ச்சில பாடுறவள்,” என்று மட்டும் சொன்னாள்.

குரலை வெட்டி ஒட்ட மனம் வரவில்லை. டிரம்ஸின் வேகத்தையே அவளுக்கேற்ப மாற்றத் தொடங்கினேன். ஒவ்வோர் அடியாகக் கேட்டு, நிமிடத்துக்கு இங்கே எழுபத்திரண்டு அடி, இங்கே அறுபத்தைந்து, இங்கே ஐம்பத்தெட்டு என்று வேகத்தைக் குறித்தேன். இரண்டு ஞாயிறுகள் போயின. எல்லாம் முடிந்து கேட்டபோதுதான், கடைசிச் சரணத்தில் கடற்கரை ரயிலின் ஹோர்ன் கலந்திருப்பது தெரிந்தது. அவளைத் திரும்பவும் கூப்பிட்டேன்.

அவள் மறுபடி பாடினாள். வேகமெல்லாம் முதலிலிருந்து குறிக்க வேண்டுமே என்ற சலிப்பில், பழைய டிரம்ஸை அப்படியே புதிய குரலுக்கு அடியில் போட்டுப் பார்த்தேன்.

பொருந்தியது. மூன்றாவது வரியில் இரண்டும் சேர்ந்து தளர்ந்து, நான்காவது வரியில் சேர்ந்தே எழுந்தன. முதலில் பாடியதற்கும் இதற்கும் இடையில் மூன்று வாரம். திரும்பத் திரும்பக் கேட்டேன்.

அவள் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வரியில் ஏன் அப்படி நிற்கிறீர் என்று கேட்டேன்.

“நிக்கிறனா?” என்று யோசித்தாள். பிறகு சொன்னாள்: “பிள்ளை ஏழு மாசத்தில பிறந்தவள்தானே. பொரளை ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தவங்க. சில நேரம் மூச்செடுக்க மறந்துபோகும், பாத்துக்கொண்டு இருங்க எண்டு நேர்ஸ் சொன்னவ. நான் பக்கத்தில இருந்து இதைத்தான் பாடுவன். மூண்டாவது வரியில நெஞ்சைப் பாப்பன். அது எழும்பினாத்தான் அடுத்த வரி.”

“இப்பவும் பாக்கிறீரா?”

“இப்ப ஏன் பாக்க? பாட்டு அப்பிடியே பழகிட்டுது போல.”

அந்த நாட்களில் நாங்களும் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோயிருக்கிறோம். வாசலில் நின்று விசாரித்திருக்கிறோம். உள்ளே இது நடந்துகொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. தாளம் இல்லை என்று நான் சொன்ன குரல், ஒரு குழந்தையின் மூச்சுக்குக் காத்திருந்த நேரத்தை ஐந்து வருடங்களாகப் பிசகாமல் வைத்திருந்தது. அறைக்குத் திரும்பினேன். மூன்றாவது வரியின் அந்த இடைவெளியை நிரப்புவதற்கென்று நான் போட்டிருந்த டிரம்ஸ் உருட்டல்களையெல்லாம் அழித்துவிட்டு, மெல்லிய ஓர் அடியை மட்டும் விட்டேன்.

பிறந்தநாளன்று கொட்டாஞ்சேனை வீட்டில் பாட்டைப் போட்டோம். பாலர் பாடசாலைப் பிள்ளைகள் சுற்றி நின்று கை தட்டினார்கள். முதல் சரணத்தில் மூன்றாவது வரி வந்தபோது கைதட்டல் சிதறியது. இரண்டாவது சரணத்தில், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, அத்தனை சின்னக் கைகளும் தாமதித்தன. பிறகு ஒன்றாக விழுந்தன.

“பெரியப்பா, இன்னொருக்காப் போடுங்க,” என்றாள் பிறந்தநாள்காரி.

போட்டேன்.