செல்வதாஸ் தேடி நடந்த பலகை

இதை வாசிக்கிறவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வரி மேலே ஏறும், அடுத்த வரி கீழே இறங்கும். ஒரு பக்கம் எழுத எனக்கு இரண்டு நாள் ஆகிறது. எழுபத்திரண்டு வயதில்தான் எழுதப் படித்தேன். நான் சொல்லச் சொல்ல எழுதித் தருவதாக என் மகள் லில்லி சொன்னாள். வேண்டாம் என்றேன். செல்வதாஸைப் பற்றி எழுதுவது என் கையால்தான் இருக்க வேண்டும்.

செய்தி செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. கேரள எல்லையில், பாறசாலைக்குப் பக்கத்துக் காரோட்டில் என் விளையில் வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். லில்லி போனில், "அப்பா, மாமா போயிட்டாவ" என்று மட்டும் சொன்னாள். செல்வதாஸ் அவளுக்கு மாமனார், எனக்குச் சம்பந்தி. கையிலிருந்த கம்பை நட்டு, கயிற்றையும் கட்டி முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். அந்த நேரத்தில் ஒரு வாழையைத் தாங்கி நிறுத்த வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

உங்களில் பலருக்கு அவரைக் கண்டக்டராகத்தான் தெரியும். திருவனந்தபுரத்திலிருந்து காட்டாக்கடைக்கும் காஞ்சிரங்குளத்துக்கும் ஓடிய பஸ்களில் முப்பது வருடம் பை மாட்டியவர். ஒருமுறை ஒரு வயதான அம்மா வண்டியில் உறங்கி, தன் ஊரைத் தாண்டிப் போய்விட்டாள். இவர் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, திரும்பிப் போகிற வண்டியில் அவளை ஏற்றி, அந்தக் கண்டக்டரிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டு வந்தார். அதற்குள் டிரைவர் சத்தம் போடத் தொடங்கியிருந்தார். அதற்கு இவர் சொன்ன பதிலை எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். "ஏறுன ஆள எறக்கி விடணும். அதாக்கும் ஜோலி."

லில்லியின் கல்யாணத்தன்று ஆலயத்தில் பதிவேட்டை நீட்டினார்கள். பெண்ணின் தகப்பன் கையொப்பம் போட வேண்டும். எனக்குப் பெருவிரல்தான் உண்டு. மைப்பெட்டியைத் தேடி ஒருவர் ஓடினார். முன்வரிசையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். செல்வதாஸ் எழுந்து வந்து, எனக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றுகொண்டு, பந்தியில் பாயசம் காணுமா காணாதா என்று பேசத் தொடங்கினார். அவர் அகலமான ஆள். நான் விரலைத் துடைத்து முடிக்கும்வரை அந்தப் பேச்சு தீரவில்லை. அதன் பிறகு ஒருநாளும் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை.

சில வருடம் கழித்து, ஆலயத்தை அடுத்த கூடத்தில் சனிக்கிழமைதோறும் பெரியவர்களுக்குத் தமிழ் வகுப்பு தொடங்கினார்கள். வேதப்புத்தகத்தை நானே வாசிக்க வேண்டும் என்று போய்ச் சேர்ந்தேன். ஒன்றரை வருடத்தில் சங்கீதம் வாசித்தேன். அந்த மகிழ்ச்சியை எப்படி எழுதுவது என்று இப்போதும் தெரியவில்லை. பேத்தி அக்ஸாவுக்கு அப்போது ஆறு வயது. அவளிடம் ஒரு வாக்குக் கொடுத்தேன். பள்ளி விடுமுறையில் திருவனந்தபுரம் மிருகசாலைக்குப் போவோம், அங்கே கூட்டில் எழுதியிருக்கிற பேரையெல்லாம் பாட்டா உனக்கு வாசித்துக் காட்டுவேன் என்றேன்.

இங்கே என் மடத்தனத்தைச் சொல்ல வேண்டும். நான் மலையாளம் பேசுவேன். அந்த எழுத்து தெரியாது. பாறசாலைக் கடைப்பலகைகள் எனக்கு இன்றும் கோலம்தான். ஆனால் திருவனந்தபுரம் மன்னர் இருந்த ஊர். அந்தக் காலத்தில் எல்லைக்கு இந்தப் பக்கமும், அந்தப் பக்கம் நாகர்கோவிலும் ஒரே ராஜ்யம். அதனால் மிருகசாலையிலும் அரண்மனையிலும் தமிழும் எழுதித்தான் இருப்பார்கள் என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

ஏப்ரல் மாதம். பாறசாலையில் ரயில் ஏறியபோதே சட்டை நனைந்துவிட்டது. லில்லி, மருமகன் ஜோஸ், அக்ஸா, செல்வதாஸ், நான். மிருகசாலையின் முதல் கூட்டின் முன்னால் அக்ஸா என் விரலைப் பிடித்து இழுத்து, "பாட்டா, வாசி" என்றாள். பலகையைப் பார்த்தேன். மலையாளம். கீழே இங்கிலீஷ். அடுத்த கூட்டை எட்டிப் பார்த்தேன். அங்கேயும் அப்படித்தான். அந்த வளாகம் முழுதும் மரங்களும் கூடுகளும் பலகைகளுமாகக் கண்ணுக்கு எட்டிய தூரம் கிடந்தது.

செல்வதாஸ் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எங்களைத் தாண்டி இரண்டு அடி முன்னால் போய், பழைய கண்டக்டர் குரலை எடுத்தார். "கரடி முக்கு, கரடி முக்கு. எறங்க ஆளுண்டா?" அக்ஸா என் விரலை விட்டுவிட்டு அவரிடம் ஓடினாள். அதன்பின் ஒவ்வொரு கூடும் ஒரு நிறுத்தமானது. காண்டாமிருகத்துக்கு முன்னால் ஜோஸை இறங்கச் சொன்னார். "இவனுக்க வீடு இஞ்சதான், எறக்கி விடு மக்கா" என்றார். அவள் சிரித்துச் சிரித்து டிங் டிங் என்று இரட்டை மணி அடித்தாள். மற்றப் பிள்ளைகளும் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். என்னை வாசிக்கச் சொல்ல அவளுக்கு நேரம் இல்லை. நான் கடைசியில் நடந்து போனேன். தப்பித்துவிட்டேன். ஆனால் தப்பித்தவனுக்கு இருக்கும் சந்தோஷம் எனக்கு இல்லை.

மரத்தடியில், வாழையிலையில் கட்டி வந்த பொதிச்சோறு தின்றோம். பிறகு அருங்காட்சியகம். வெண்கலச் சிலைகள், தந்த வேலைகள், பழைய தேர். எதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. பிறகு பேருந்து ஏறிக் கோட்டைப் பகுதிக்குப் போய், பெரிய கோயிலை அடுத்த அரண்மனை பார்த்தோம். அங்கேயும் பலகைகளில் தமிழ் இல்லை. வெளியே வந்தபோது லில்லிக்குத் தலைவலி. அக்ஸா அழுகைக்கு முந்தின நிலையில் இருந்தாள். ரயில்நிலையம் பக்கம்தான். எல்லாருக்கும் வீடு போய் விழுந்தால் போதும் என்று இருந்தது.

அப்போதுதான் செல்வதாஸ், "ஒரு நல்ல சாயக்கடை உண்டு, வாருங்க" என்று ரயில்நிலையத்துக்கு எதிர்த்திசையில் நடந்தார். ஒரு தெரு போனோம். கடை இல்லை. திரும்பி இன்னொரு தெரு. அங்கேயும் இல்லை. வழியில் மூன்று டீக்கடைகளைத் தாண்டினோம். எதிலும் அவர் நிற்கவில்லை. ஜோஸ் தகப்பனிடம் கோபமாகப் பேசினான். லில்லி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் வாயை அடக்கவில்லை. "வேலைய விட்டு பத்து வருஷம் ஆச்சு, இன்னும் ஆளுவள இழுத்துட்டு நடக்குதீரே" என்றேன். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்தா எத்தியாச்சு அண்ணே" என்றார். இதோ வந்துவிட்டோம் என்று அதையேதான் அரைமணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு சந்து முனையில் நின்றார். கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்களின் செருப்பும் பையும் வாங்கி வைக்கிற சின்னக் கடை. அதன் முன்னால் துருப்பிடித்த ஒரு தகரப் பலகை சாய்ந்து நின்றது. செல்வதாஸ் அக்ஸாவைத் தூக்கி அதன் முன்னால் நிறுத்தினார்.

"இதில என்ன எழுதியிருக்குண்ணு பாட்டாட்ட கேளு மக்கா. எனக்கு இது வாசிக்கத் தெரியாது."

தமிழ். நான் குனிந்தேன். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். "செருப்பு, பை ஆகியவற்றை இங்கே வைத்துச் செல்லவும்." அக்ஸா இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். உடனே அவள் தன் செருப்பைக் கழற்றிப் பலகையின் அடியில் ஒழுங்காக வைத்தாள். எங்களையும் கழற்றச் சொன்னாள். கடைக்கார அம்மா, நீங்கள் கோயிலுக்குப் போகவில்லையே என்று மலையாளத்தில் கேட்டாள். அக்ஸா விடவில்லை. "பாட்டா வாசிச்சது கேட்டில்லியா?" என்றாள். ஐந்து பேரும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் கடையின் நிழலில் கொஞ்ச நேரம் நின்றோம். லில்லிக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் வாசித்ததைக் கேட்டு இந்த உலகத்தில் ஒரு காரியம் நடந்தது அதுதான் முதல் தடவை.

திரும்புகிற ரயிலில் மற்றவர்கள் உறங்கிவிட்டார்கள். செல்வதாஸ் எனக்கு எதிரே இருந்தார். வலது பாதத்தை மடியில் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சர்க்கரைக்காரர் அவர். அதிகம் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது பிறகுதான் எனக்குத் தெரியும். பாதம் வீங்கி, ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. நான் பார்ப்பதைக் கண்டதும் காலைக் கீழே போட்டார்.

"வேலை பாக்கும்போ கண்ட பலகையாக்கும் அண்ணே" என்றார். "எடுத்து மாத்தியிருப்பானுவளோண்ணு ஒரு பயம் இருந்துது."

அப்போதே நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அசதியில் தலையை ஆட்டினேன். அதன்பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம். வாழையைப் பற்றிப் பேசினோம், மழையைப் பற்றிப் பேசினோம். இதைப் பேசவில்லை. அவருக்கு உடம்பு மோசமானது அந்த நடையால் அல்ல என்று லில்லி சொல்கிறாள். அப்படியே இருக்கட்டும். அந்தப் பாதம் என்னிடம்தான் இருக்கிறது. நான் அவரைத் திட்டிய சொல்லும், அதற்கு அவர் கோபப்படாமல் நடந்ததும் என்னிடம் இருக்கின்றன. இவ்வளவுதான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது. சுமக்கக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நேற்று அவர் மனைவி ரோசம்மாள் என்னைக் கூப்பிட்டுவிட்டார். கல்லறையில் கல் வைக்கப் போகிறார்கள். "ஒரு பக்கம் மலையாளம். மறுபக்கம் தமிழு இருக்கட்டு. கொத்துகாரனுக்கு தமிழு தெரியாது, அண்ணன் எழுதித் தந்தா பாத்து கொத்துவான்" என்றார். ஜோஸ் ஒரு பக்கம் போதாதா என்று கேட்டான். நான் சொன்னேன், இரண்டு பக்கமும் வேண்டும் என்று.

அடுத்த வாரம் எழுதிக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். பெயர், ஊர், செய்த வேலை. தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த யாராவது அந்தப் பக்கம் வந்தால், அவர்களும் நின்று வாசிக்கட்டும்.