கருடனுக்காக அவிழ்த்த துண்டு

வளைகுடாவில், அல் கூஸ் என்ற தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி கூடாரம் தைத்து விற்கிறது. நான் அங்கே கணக்கு எழுதுகிறவன். பாலைவனத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஏசி அறையில் உட்கார்ந்து படித்தது. அதனால் யார் கேட்டாலும் நீளமாகப் பேசுவேன். போன குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு வேட்டை முகாமுக்கு நிழல்கூடாரம் அடிக்கும் வேலை வந்தது. சிவகங்கைப் பக்கத்துக்காரரான எங்கள் ஃபோர்மேனோடு நானும் வண்டியில் தொற்றிக்கொண்டேன்.

முகாமை நடத்துபவர் ராஜாளி வளர்க்கும் அரபி, என் வயதுக்காரர். அவர்கள் வேட்டையாடுவது ஹுபாரா என்ற பறவையை. நம்மூர்க் கானமயிலுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளலாம். வெளியில் தானாகப் பிறந்த ஹுபாராவைத் தொடவே கூடாது. பண்ணையில் பொரித்ததை விடுவார்கள். அதைத்தான் ராஜாளி துரத்தும். பார்க்க வரும் விருந்தினர் தரும் பணத்தில் அவருடைய பங்காளிகளுக்குச் சம்பளம். அந்தச் சம்பளத்துக்காக அவர்கள் மேற்குப் பக்கத்து மணல்வெளியைக் காவல் காப்பார்கள். காட்டு ஹுபாரா முட்டையிடும் இடம் அது. அங்கே ஒட்டகம் மேய்ப்பதில்லை என்று பங்காளிகள் வாக்குக் கொடுத்திருந்தது அந்த ஒரு குளிர்காலத்துக்கு மட்டும். விருந்தினர் வராவிட்டால் ஒட்டகங்கள் திரும்பிவிடும். ஆட்களை அனுப்பலாமா வேண்டாமா என்று பார்க்க, அன்று ஒரு சுற்றுலாக் கம்பெனியிலிருந்து வெள்ளைக்காரப் பெண்மணி வந்திருந்தார்.

"பறவையைக் காப்பாத்தப் பறவையையே கொல்றதா? பாவமில்லையா பாய்?" என்று அரபியிடம் என் ஓட்டை இந்தியில் கேட்டேன்.

"அச்சா. நீ மதியம் என்ன சாப்பிட்டே?"

வரும் வழியில் தீர்த்திருந்த சிக்கன் பிரியாணி, நான் வாய் திறக்கும் முன்பே ஏப்பமாக வந்து சாட்சி சொல்லிவிட்டது.

ராஜாளியைத் திரும்ப அழைக்க அவரிடம் ஓர் ஏற்பாடு இருந்தது. கயிற்று நுனியில் சிவப்புத் தோலும் இறகுமாகக் கட்டியிருந்த ஒன்றைச் சுழற்றுவார். குஞ்சிலிருந்தே பழக்கியதால், எங்கே இருந்தாலும் அதைப் பார்த்து வந்துவிடும்.

ஹுபாராவை விட்டார்கள். ராஜாளியின் முகமூடியைக் கழற்றினார். அது மேலே ஏறி ஒரு வட்டம் போட்டது. கூடாரக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த ஃபோர்மேன் நிமிர்ந்து பார்த்தார்.

"சார், கருடன்! கருடன் சுத்துது!"

சாமிக்கு முன்னால் தலையில் துண்டோடு நிற்கலாமா? சிவப்புத் துண்டை உருவினார், மணல் போக இரண்டு முறை வீசி உதறினார், இடுப்பில் கட்டப் போனார். அதற்குள் கருடன் திரும்பிவிட்டது. துரத்திய பறவையை விட்டுவிட்டு நேராக இறங்கித் துண்டைப் பற்றிக்கொண்டது. ஹுபாரா புதர்களுக்கு மேலே தாழப் பறந்து மறைந்தது.

"சாமி எறங்கியே வந்துருச்சு சார்," என்றார் ஃபோர்மேன், அசையாமல். "கண்ணக் கொத்திருமா?"

"அரே பாய்!" என்று ஓடி வந்தார் அரபி. அவர் முகத்தில் மேற்கே திரும்பப் போகும் ஒட்டகங்கள் அத்தனையும் தெரிந்தன.

பெண்மணியோ கைதட்டினார். "தப்பித்துவிட்டதே! எங்கள் விருந்தினர்களுக்கு இதுதான் பிடிக்கும். தினமும் இப்படியே தப்ப விடுவீர்களா என்று கேளுங்கள்."

அவருடைய ஆங்கிலத்துக்கும் அரபியின் இந்திக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளன் நான். கேட்டுவிட்டு, 'ஆமாம் என்று சொல்லித் தொலையும்' என்று கண்ணாலும் சாடை காட்டினேன்.

"மாஃபி, அது நடக்காது," என்றார் அரபி. "இன்னைக்குத் தப்பிச்சது அதோட நசீபு. நாளைக்குப் பிடிபடும். வேட்டை இல்லேன்னா எங்க ஆளுங்க எதுக்குக் காவல் காக்கணும்? அவனவன் ஒட்டகத்தப் பார்ப்பான். அப்படியே சொல்லு. சர்க்கரை தடவாதே."

தடவாமல் சொன்னேன். கணக்கு எழுதுகிறவனுக்கு அது சுலபமான காரியமல்ல. பெண்மணி மேற்குப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றார். பங்காளி ஒருவர் கூட்டிப்போனார். திரும்பி வந்தபோது காலணி நிறைய மணல். "குளிர்காலம் முடியும்வரை அனுப்புகிறேன். வேட்டை என்று தெளிவாக எழுதித்தான் கூப்பிடுவேன். பார்க்க முடியாதவர்கள் அந்த மணல்வெளிக்குப் போகட்டும். அங்கே காட்டு ஹுபாராவின் காலடித் தடங்கள் பார்த்தேன்," என்றார்.

இதை இந்தியில் சொல்லி முடிப்பதற்குள் அரபி என் தோளில் அறைந்தார். அவர்களுக்கு அது அன்பு; எனக்கு இரண்டு நாள் சுளுக்கு.

நாங்கள் புறப்படும்போது அரபி ஃபோர்மேனின் துண்டைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு பழைய தொப்பியை அவர் தலையில் கவிழ்த்தார். கூடாரம் பிரிக்கும்வரை துண்டு முகாமுக்குள் வரக்கூடாதாம்.

"அப்ப எப்படி சார் கும்புடுறது?"

கேட்டுச் சொன்னேன். "கையைக் கட்டிக்கிட்டு, மனசுக்குள்ளயாம்."