ரோலண்டின் ஏழு உறைகள்

சனிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு ஜெரால்ட் தர்லோ தொலைபேசியில் அழைத்தார். என் தம்பி ரோலண்ட் இருபத்திரண்டு வருடமாக மெட்டல் டிடெக்டரோடு பழங்காசு தேடிச் சுற்றி வந்த வயல்கள் அவருடையவை.

"மார்ஜரி, உன் தம்பி மண்ணுல முழங்கால் போட்டு இருந்தான். ஏதோ தோண்டுறான்னு நெனச்சேன். டிராக்டர்ல ரெண்டு தடவை அவனைத் தாண்டிப் போயிருக்கேன்" என்றார். ஆம்புலன்ஸ்காரர்களின் குரல் பின்னால் கேட்டது.

சாகும்போது ரோலண்டுக்கு ஐம்பத்தெட்டு வயது. தபால் வண்டி ஓட்டினான். விடிகாலையில் வேலை, மதியத்துக்கு மேல் வயல். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் சாப்பாடு. மாட்டிறைச்சியை மென்றுகொண்டே அந்த வாரம் கிடைத்ததைச் சொல்வான்: ஒரு பித்தளைப் பொத்தான், ஒரு டிராக்டர் ஆணி, மறுபடியும் ஒரு பொத்தான். ஒவ்வொரு ஜனவரியிலும் தானே காட்டுப்பழம் ஊறவைத்த ஸ்லோ ஜின் மதுப் பாட்டிலோடு தர்லோ வீட்டுக்குப் போய், அந்த வருடத்துக்கான அனுமதியை எழுத்தில் வாங்கி வருவான்.

"இருபது வருஷமா அதே வயல்தானே, எதுக்கு இந்தச் சடங்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"காகிதம் இல்லாம கால் வைக்கிறவனுக்கு வேற பேர் இருக்கு" என்றான்.

தர்லோவின் வேலிக்கு அந்தப் பக்கம் இடிந்த மடாலயத்தின் நிலம். அரசுப் பாதுகாப்பில் இருக்கிறது. டிடெக்டரோடு அங்கே நுழைந்தாலே குற்றம்.

அவன் மேசையில் ஏழு காகித உறைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளிப் பென்னிக் காசு. எழுநூறு வருடப் பழசு, விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அதே அளவு மெல்லியது. உறைமேல் தேதி, ஆழம், கிடைத்த இடத்தின் வரைபட எண். ஏழையும் கடைசி ஒன்பது நாளில் எடுத்திருக்கிறான். செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகத்தில் காட்டுவதற்கு நேரம் கேட்டு வாங்கியிருந்தான். அவனுக்குப் பதிலாக நான் போனேன்.

கிடைத்தவற்றைப் பதிவு செய்யும் பெண் இமோஜன், எண்களைக் கணினியில் தட்டினாள். தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு மறுபடியும் தட்டினாள்.

"ஏழும் மடாலயத்துக்குள்ள விழுதுங்க" என்று திரையை என் பக்கம் திருப்பினாள். இடிந்த சுவர்களுக்கு நடுவே ஏழு சிவப்புப் புள்ளிகள். "அவர்மேல ஒரு புகார்கூட வந்ததில்ல. அதான் எனக்குப் புரியல. இன்னிலேருந்து பதினாலு நாளுக்குள்ள, காசு எங்கே கெடச்சதுன்னு எழுதின படிவம் வேணும். நீங்கதான் கொடுக்கணும்."

வேறு யார் வாயிலாவது கேட்பதற்கு முன் நானே தர்லோவிடம் சொன்னேன். அவர் அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

"புதையல்ல நிலத்துக்காரனுக்குப் பாதிப் பங்கு, அதெல்லாம் எனக்கு வேண்டாம். என் வயல்ல நின்னு பேசிட்டு, நான் இந்தப் பக்கம் திரும்பினதும் வேலியைத் தாண்டினானா? அதை மட்டும் சொல்லு."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஏழு சிவப்புப் புள்ளிகள் கண்ணில் நின்றன. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

அந்த வாரக் கடைசியில், ரோலண்டோடு தோண்டப் போகும் வில்ஃப் ஒரு பழக் கேக்கோடு வந்தான். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டான். பிறகு வெட்கப்பட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

"அக்கா, உறைமேல நாங்க யாரும் நெசமான எண்ணை எழுத மாட்டோம். ராத்திரியில வந்து தோண்டுற களவாணிப் பயலுக கையில அது சிக்கினா வயலையே குதறிப்புடுவானுக. அதனால தள்ளி எழுதுவோம். கிழக்கே இத்தனை மீட்டர், வடக்கே இத்தனை. அருங்காட்சியகத்துல போய் வாயால சரி பண்ணிச் சொல்லிடுவோம்."

"ரோலண்ட் எவ்வளவு தள்ளுவான்?"

"அதை யாரும் யாரையும் கேக்க மாட்டோம். என்னோடது என் பொண்டாட்டிக்கே தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சா தபால்தலைகூட ஒட்ட வேணாம், ஊருக்கே போய்ச் சேந்துடும்."

"அவன் தள்ளித்தான் எழுதினான்னு உனக்குத் தெரியுமா?"

வில்ஃப் கேக்கைப் பார்த்தான். "எல்லாரும் செய்றதுதானேக்கா."

ஒரே ஒரு காசை அவன் எடுத்தபோது நான் பக்கத்தில் இருந்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன், தர்லோவின் மாட்டுத் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி. அந்த உறையைத் தேடி எடுத்தேன். அதிலிருந்த எண் தொட்டிக்குக் கிழக்கே நானூற்றுப் பத்து மீட்டர், வடக்கே நூற்று அறுபது தள்ளி இருந்தது. தள்ளித்தான் எழுதியிருக்கிறான். எனக்கு மூச்சு வந்தது. அதே அளவை ஏழு எண்களிலிருந்தும் கழித்து வரைபடத்தில் குறித்தேன். ஏழும் தர்லோவின் தானியக் கிடங்குக்குள் போய் விழுந்தன. அங்கே முப்பது வருடமாக கான்கிரீட் தரை. மூன்று முறை கணக்குப் போட்டேன். வில்ஃபும் போட்டுப் பார்த்தான்.

"வருஷா வருஷம் அளவை மாத்தியிருப்பான்" என்றான்.

"இல்லைன்னா இந்த ஏழுக்கு மட்டும் தள்ளாம எழுதியிருப்பான்."

மறுநாள் வில்ஃப் தர்லோவிடம் கேட்டுக்கொண்டு, ரோலண்ட் விழுந்த இடத்தைச் சுற்றி டிடெக்டரோடு பகல் முழுக்க நடந்தான். இரண்டு லாட ஆணிகள் கிடைத்தன. அந்த இடம் வேலிக்கு இந்தப் பக்கம்தான் என்றான், முப்பது மீட்டர் உள்ளே. முப்பது மீட்டர் என்ன சொல்கிறது என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

தெரியாது என்றே எழுதலாம் என்கிறாள் இமோஜன். எழுதினால் தர்லோ தன் கேள்விக்கு அதுதான் பதில் என்று எடுத்துக்கொள்வார். உறையில் உள்ளபடி எழுதினால் என் கையாலேயே தம்பியைத் திருடன் ஆக்குகிறேன். தர்லோ வயல் என்று எழுதினால் அது பொய்யாக இருக்கலாம். பதிவில் ஒரு பொய் எண்கூட ஏறக் கூடாது என்றுதான் ரோலண்ட் மழையிலும் அருங்காட்சியகத்துக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருவானாம். இதைச் சொன்னவளும் இமோஜன்தான்.

நாளை பதினாலாவது நாள். எடுத்தவர் பெயர், தேதிகள், ஆழம், ஒவ்வொரு காசின் எடை எல்லாவற்றையும் மையால் எழுதிவிட்டேன். இடத்துக்கான கட்டத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.