பாறைக்குத் தூக்கிப்போன கம்ப்யூட்டர்

போன வாரம் புது பிரிண்டர் வாங்கினேன். என் லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஒயரைச் செருகியதும் அதுவாகவே டிரைவர் மென்பொருளைத் தேடிப் போட்டுக்கொண்டு அச்சடித்துத் தள்ளியது. சந்தோஷப்படத்தானே வேண்டும்? எரிச்சல்தான் வந்தது. சூடான மை வாசனை மூக்கில் ஏறியதும் ஒரு புளி மண்டியின் வாசனையும், பின்னாலேயே சேகரின் மூஞ்சியும் வந்துவிட்டன.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. சேகர் சீனியர். என் நாற்காலியில் தன் மச்சானை உட்காரவைக்க வேண்டும் என்பது அவன் லட்சியம். வெள்ளிமலையில் ஒரு புளி மண்டிக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தோம். பிரிண்டர் மட்டும் அசையவில்லை. சாயங்காலத்துக்குள் பில் அடித்துக் காட்டாவிட்டால் கடைக்குத் திரும்பி வராதே என்று முதலாளி அனுப்பினார். டிரைவர் இதில் இருக்கிறது என்று ஒரு பென்டிரைவை என் சட்டைப்பையில் பாசத்தோடு போட்டுவிட்டான் சேகர்.

மலையேறித் திறந்து பார்த்தால் உள்ளே முழுக்க சினிமாப் பாட்டு.

இனி நெட்டிலிருந்துதான் இறக்க வேண்டும். மண்டியில் நெட் இல்லை. சிக்னல் வேண்டுமென்றால் ஊருக்கு மேலே ஒரு பாறைக்குப் போக வேண்டும். பயம் வந்தால் எனக்கு மூளைக்கு முன்னால் கால் கிளம்பிவிடும். சிபியுவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினேன். மண்டிக்காரர் பாவம், மானிட்டரைச் சுமந்து வந்தார். பாறைமேல் வைத்து, ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு பிளக் பாயிண்டைத் தேடினேன். நம்புங்கள், தேடினேன். அங்கே போன் பேசிக்கொண்டிருந்த சனமெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டது.

“இன்னா சார் தேடிக்கினு இருக்கீங்க?” என்றார் ஒரு அக்கா.

“கரெண்டுக்கா.”

“அது கீழ வூட்ல இல்ல இருக்குது.”

சேகருக்கு போன் போட்டேன். “பாறையிலயே குத்துடா, வரும்” என்றான். பின்னால் கடையே சிரித்தது, ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான்.

கடைசியில் டிரைவரை போனில் இறக்கிக்கொண்டு மண்டிக்குப் போனேன். இதற்கு இன்னொரு மென்பொருள் வேண்டும் என்றது கம்ப்யூட்டர். மறுபடி பாறை. அந்த இன்னொன்றுக்கு வேறொன்று வேண்டுமாம். ஒவ்வொரு ஏற்றத்திலும் சேகரை ஒவ்வொரு விதமாகக் கொன்றேன். பொழுது சாய்வதற்குள் பில் வந்தது. வேலை தப்பியது. ஆனால் கடையில் என் பெயர் ‘பாறை’ ஆகிவிட்டது.

ஒருநாள் சேகர் டீக்குப் போனபோது அவன் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வரிக் கட்டளை எழுதிவைத்தேன். மவுஸை வலதுபக்கம் தள்ளினால் திரையில் அம்பு இடதுபக்கம் ஓடும், மேலே தள்ளினால் கீழே. புது மவுஸ் மாற்றினான், எலுமிச்சம்பழம் கட்டினான். பிறகு மவுஸையே முன்பின்னாகத் திருப்பி, வால் தன்னைப் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டு வேலை செய்தான். கட்டைவிரலால் கிளிக். பட்ட பாட்டுக்குப் பிறகு கை நன்றாகப் பழகிவிட்டது. பழகிவிட்டது என்று உறுதியானதும் அந்த வரியை அழித்தேன்.

இப்போது அந்தப் பாறைமேல் டவர் நிற்கிறது. கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் தொங்குகிறது. டிரைவர் தேடி மலையேற ஆளே வேண்டாம். சென்ற மாதம் உளுந்தூர்பேட்டையில் சேகர் எதிர்ப்பட்டான், கட்டிப்பிடித்துக்கொண்டான். ‘பாறை’ என்று கூப்பிடுவான், பதில் கொடுக்கலாம் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. நானே எடுத்துக்கொடுத்தேன்.

“எந்தப் பாறைடா?” என்றான் உண்மையாகவே. “எனக்கு அந்த மவுஸுதான் ஞாபகம். அதுக்கு இன்னா வந்துச்சுன்னே தெரியலியே.”

“எனக்கும் தெரியலண்ணா” என்றேன். தெரியாமலே கிடக்கட்டும்.