குழாயில் வந்த கிரஞ்ச்

"எல்லாம் ஒரே கத்தல்தானே?" என்று கேட்டுத்தான் மாட்டிக்கொண்டேன். ஏனாத்தூரில் கல்லூரி முதல் வருஷம். கேன்டீனில் சென்னைப் பிள்ளைகள் சிலர் ஆங்கிலப் பாட்டுகளைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார்கள். எல்லாம் ராக் பாட்டுத்தானாம், ஆனால் இது கிரஞ்ச், அது பங்க், இது இண்டி, இன்னொன்று ஷூகேஸ் என்று வகை வேறாம். நான் வாயைத் திறந்ததும் மேஜையே சிரித்தது. எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். மியூசிக் கிளப்பில் முதல் வருஷத்துக்கு ஒரே ஓர் இடம்தான், பாட்டைப் போட்டு இன்ன வகை என்று சொல்லச் சொல்வார்கள் என்று தெரிந்ததும், அந்த இடம் எனக்குத்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். ஆசையெல்லாம் அப்புறம். முதலில் அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வகுப்புத் தோழி ஒருத்தி இரக்கப்பட்டு ஒரு எம்பி3 சிடி கொடுத்தாள். எந்தப் பாட்டு எந்த வகை என்று அட்டையில் எழுதியும் வைத்திருந்தாள். ஷூகேஸ் வகைக்காரர்கள் மேடையில் தலையைத் தூக்காமல் தங்கள் ஷூவையே பார்த்துக்கொண்டு வாசிப்பார்களாம், அதனால்தான் அந்தப் பெயராம். எங்கள் ஊர்க் கோயிலிலும் செருப்பையே பார்த்துக்கொண்டு சாமி கும்பிடுகிறவர்கள் உண்டு. காரணம் வேறு.

கேட்பதற்கு வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. உத்திரமேரூரில் எங்கள் நைனா மைக் செட் வைத்திருந்தார். சிடி பிளேயர், ஆம்ப்ளிஃபையர், கூடவே கோயில் திருவிழாவில் பனைமரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர்கள். பெட்டி ஸ்பீக்கர் மட்டும் கிடையாது. வாங்கச் சொன்னால், "பக்கத்து ஊருக்குக் கேக்காதது இன்னாத்துக்கு ஸ்பீக்கரு?" என்பார். எங்கள் குழாய் திருப்புலிவனம் வரை கேட்கும் என்பது அவர் பெருமை. காதில் மாட்டிக் கேட்கிற கருவியை அவர் கருவியாகவே மதித்ததில்லை.

எந்த விசேஷத்துக்குச் செட் போனாலும் அதற்கு முன் கொல்லையில் குழாயை முருங்கைமரத்தில் கட்டி, ஒரு பாட்டுப் போட்டுச் சோதிப்பது வழக்கம். எப்போதும் சாமி பாட்டுத்தான். நான் கெஞ்சிக் கூத்தாடி அந்தச் சோதனை நேரத்தை வாங்கிக்கொண்டேன். ஆடி மாசம் என்பதால் அம்மனுக்குக் கூழ் ஊற்றாத தெரு இல்லை. சோதனைக்கும் குறைவில்லை.

குழாயில் எல்லாம் ஒரே இரைச்சல். கிதார் என்றால் தகரத்தைத் தேய்க்கிற சத்தம், டிரம்ஸ் என்றால் டப்பா. பாடுகிறவன் குரல் மட்டும் கணீரென்று வரும். வகைகளுக்கு நடுவில் வித்தியாசம் என்று ஒன்று இருந்தால் அது குரலில்தான் இருக்க வேண்டும் என்று நானாக முடிவுசெய்து, அதையே பிடித்துக்கொண்டேன்.

உதவிக்கு அம்மா இருந்தாள், உதவுகிறோம் என்று தெரியாமலே. கொல்லையில் துணி துவைத்தபடி ஒவ்வொருவனையும் வைதாள். கிரஞ்ச் வந்தால், "நல்லாத்தானே பேசிக்கினு இருந்தான், திடீர்னு இன்னா கேடு வந்துச்சி, இப்டி கத்தறான்?" பங்க் வந்தால், "இவனுக்கு பஸ்ஸு கெளம்பிடுச்சா? இன்னா அவசரம்?" இண்டி வகையில் ஒருவன் சுருதி விலகிப் பாடியபோது, "பாட வரலன்னாலும் வெக்கப்படல பாரு" என்றாள். ஷூகேஸுக்குத்தான் துவைப்பதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள். "இவன் எங்கடி கீறான்? உள்ள தள்ளி கதவ சாத்திட்டாங்களா?"

எனக்கு இதற்குமேல் பாடம் தேவைப்படவில்லை. கத்தப் போகிறவன், ஓடுகிறவன், வெட்கப்படாதவன், உள்ளே மாட்டிக்கொண்டவன். தலைகீழாகக் கேட்டாலும் சொல்வேன் என்ற தைரியத்தில் போனேன்.

தேர்வு நடந்த அறையில் மூன்றாம் வருஷ அண்ணன் ஒருவர் பெரிய ஹெட்போனை என் காதில் மாட்டிப் பாட்டைப் போட்டார். அவ்வளவுதான். அடியிலிருந்து 'தம்'மென்று ஏதோ எழும்பி நெஞ்சில் இடித்தது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, பின்னால் இன்னொன்று. குரல் எங்கே என்று தேடுவதற்குள் பாட்டு முடிந்தது. அடுத்ததும் அப்படியே. நான் கேட்டுப் பழகிய பாட்டு ஒன்றுகூட அதில் இருப்பதாகத் தெரியவில்லை. ஒரே பேஜார். கண்ணில் தண்ணீர் முட்டியது. கேன்டீன் மேஜை மறுபடி சிரிக்கப்போகிறது என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

போய்விடலாம் என்று ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. மேஜையிலிருந்து மெல்லிசாக, கீச்சென்று, தகரத்தைத் தேய்த்த மாதிரி வந்தது. நடுவில் ஒருவன் நல்லபடியாகப் பேசிக்கொண்டிருந்தான். கத்தப் போகிறான் என்று நினைத்தேன். கத்தினான்.

"கிரஞ்ச்!" என்றேன்.

"ஹெட்போனைப் போட்டுக் கேளும்மா," என்றார் அண்ணன்.

"வேணாண்ணா. இப்டியே போடுங்க. முதல்ல போட்டதையும் திரும்பப் போடுங்க."

மேஜைமேல் குனிந்துகொண்டு சொல்லிக்கொண்டே வந்தேன். பங்க். இண்டி. மறுபடி பங்க். கடைசிப் பாட்டுக்கு என்னை மறந்து, "இவன உள்ள வெச்சி சாத்திட்டாங்க" என்று சொல்லிவிட்டேன்.

"யாரை?"

"பாடறவனண்ணா. ஷூகேஸ்."

அவர் சிரித்த சிரிப்பு கேன்டீன் சிரிப்பு இல்லை. திங்கட்கிழமையிலிருந்து வா என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கிளம்பப் போனவளை நிறுத்தி, அதே கிரஞ்ச் பாட்டை இப்போதாவது ஒழுங்காகக் கேள் என்று ஹெட்போனை நீட்டினார்.

பயம் போய்விட்டதால் இந்தமுறை காது கொடுத்துக் கேட்டேன். பாடுகிறவன் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவனுக்கு அடியில் இன்னொருவன் கிதாரின் தடித்த கம்பியில் நிதானமாக நடந்துகொண்டிருந்தான். கத்தல் வந்தபோது அவன்தான் அதைத் தோளில் தூக்கினான். ஆடி மாசம் முழுக்க இந்தப் பாட்டைப் போட்டிருக்கிறேன், ஊரே கேட்டிருக்கிறது. அந்தக் குழாயில் எங்களில் ஒருவர் காதிலும் அவன் விழுந்ததில்லை. எல்லாம் தெரியும் என்று சொல்லி இடத்தைப் பிடித்தாயிற்று, இனிமேல்தான் கேட்கவே ஆரம்பிக்க வேண்டும். அதற்கு வெட்கம் வரவில்லை. கேட்கிறதற்கு இன்னும் பாதிப் பாட்டு மிச்சம் இருக்கிறதே என்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.