முன்சீட்டிலிருந்து வந்த ‘வா வா’

பாதை மாறுமுன் பக்கக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். சிக்னல் காட்ட வேண்டும். கண்ணாடியில் விழாத இடத்தைத் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சந்தேகமிருந்தால் மாறக் கூடாது. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரியாக, ஷிப்ட் பஸ் ஓட்டுநர்களுக்கு ஓய்வுபெறும்வரை இதைப் பாடம் நடத்தினேன். நடத்தியதற்குக் கையெழுத்தும் வாங்கினேன். தணிக்கைக்குப் பாடத்தைவிடக் கையெழுத்துதான் முக்கியம்.

பஸ் ஒப்பந்தக்காரர் கிளீனர்களை வேலையைவிட்டு எடுத்தபோது, இனி இடதுபுறம் பார்ப்பது யார் என்று எங்கள் பாதுகாப்புப் படிவம் கேட்டது. ‘முன் இருக்கைப் பயணி’ என்று ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுத்தார். ஒப்புதல் அளித்தேன். அதன்பின் ஓட்டுநர் “லெஃப்ட்?” என்று கேட்பார். நைட் ஷிப்ட் முடித்த முன்சீட்டுக்காரர் கண்ணைத் திறக்காமலே “வா வா” என்பார்.

ஓய்வுபெற்ற மறு வருடம், ஒரு காலையில் மனைவியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரகடம் போனேன். வலப்பக்கம் ஒரு ஷிப்ட் பஸ். அதன் கண்ணாடியில் விழாத இடத்தில் நாங்கள். பஸ் திடீரென்று இடப்பக்கம் ஒடித்து வந்தது. நான் மண்ணில் போய் விழுந்தேன். அவள் ஸ்கூட்டரோடு பின்சக்கரத்துக்குள் போனாள். எலும்பு நொறுங்கியது இஞ்சின் சத்தத்தை மீறிக் கேட்டது.

கூடியவர்கள் ஓட்டுநரைச் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

“எறங்குடா கீழ! கண்ணு இன்னா முதுகுலயா கீது?”

தொழிற்சாலை ஹெல்மெட்டால் ஒருவன் அவர் முகத்தில் அடித்தான். ரத்தத்தோடு ஒரு பல் விழுந்தது.

“நான் கேட்டேன் சார்! முன்சீட்டுல குந்திகினு இவன்தான் வா வான்னான்!” என்று ஓட்டுநர் கை நீட்டினார்.

ஹெல்மெட் வைத்திருந்தவனைத்தான். காதில் இயர்போன் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் மறுபடி அடித்தான். இம்முறை பேசிய வாயிலேயே.

“அவர் மேல தப்பில்லப்பா, நடைமுறையே…” என்று ஆரம்பித்தேன்.

சக்கரத்தடியிலிருந்து என் மனைவி கத்தினாள்: “நடைமுறைய அப்பறம் படிங்க! எனக்குக் காலு இருக்குதான்னு பாருங்க!”

இருந்தது. சதை எது, சேலை எது என்று பிரிக்க முடியாதபடி.

காலைக் காப்பாற்றிவிடலாம் என்றார்கள் மருத்துவர்கள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து போக்குவரத்து அலுவலகத்துக்கு மனு எழுதினேன்: கிளீனர் இல்லாமல் பஸ் ஓடக் கூடாது, இதற்கு ஒப்புதல் தந்த குற்றவாளி நானே, நகல் இணைப்பில். ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். புண் கறுத்தது. முழங்காலுக்கு மேலே வெட்டினார்கள். நினைவூட்டல் அனுப்பினேன்.

‘தங்கள் மனு உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்ற பதில் வந்தது, அவளுக்குச் செயற்கைக்கால் அளவெடுத்த திங்கட்கிழமை.