எஸ்தர் அம்மா உட்கார்ந்து பார்த்த சோபா

1. பழகிடும்

அன்று காலை கடையில் இருந்தவர்கள் மூன்று பேர். மேனேஜர் பாஸ்கர் சார், டெலிவரியும் ஃபிட்டிங்கும் பார்க்கும் ஏழுமலை அண்ணன், சேல்ஸில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். முதலாளி சூலூர்பேட்டைக்குச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். கடையைப் பெருக்கித் துடைக்கும் சரோஜா அக்கா, மகளின் பிரசவத்துக்காக லீவில் இருந்தார். முதலாளி இல்லாதது அன்றைக்கே கஷ்டமாகிவிட்டது. சரோஜா அக்கா இல்லாதது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்பது மறுநாள்தான் தெரிந்தது.

கடை கும்மிடிப்பூண்டியில், சிப்காட் தொழிற்பேட்டைக்குத் திரும்பும் சாலையில் இருந்தது. ஷட்டரைத் தூக்கியதும் ஃபோம், ரெக்சின், பிரிக்காத பிளாஸ்டிக் கவர் மூன்றும் கலந்த ஒரு வாசனை முகத்தில் அடிக்கும். இப்போது நான் சென்னையில் ஒரு ஆன்லைன் ஃபர்னிச்சர் கம்பெனியின் கஸ்டமர் கேரில் டீம் லீடர். எங்கள் ஆபீஸில் ஆயிரம் சோபாவின் படம் இருக்கிறது, வாசனை இல்லை. புதிதாகச் சேருபவர்கள் கம்ப்ளைண்ட் நம்பரைப் பார்த்துப் பதில் டைப் செய்கிறார்கள். அவர்கள் படிப்பார்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் ஆரணிக்குப் பக்கத்துக் கிராமம். பட்டுப்புடவை ஆரணி இல்லை, பொன்னேரி பக்கத்து ஆரணி. எங்கள் வீட்டில் காலேஜ் முடித்த முதல் ஆள். அந்தக் கடைக்கு வந்தபோது எனக்கு சோபாவைப் பற்றித் தெரிந்தது ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஏனென்றால் டிஸ்பிளே பீஸில் ஸ்டாஃப் உட்காரக் கூடாது என்பது கடையின் முதல் சட்டம். கவுண்டருக்குப் பின்னால் எங்களுக்கென்று இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தன. வாடிக்கையாளர் உட்காருவார், நாங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு "நல்லா சாஞ்சு உக்காருங்க" என்போம். அப்படிச் சொல்லிச் சொல்லியே அத்தனை மாதங்களையும் ஓட்டினேன்.

இரண்டாவது சட்டம் கம்ப்ளைண்ட் பற்றியது. ஃபோம் அமுங்கினால், ஃபிரேம் விட்டால், தையல் பிரிந்தால் வாரண்டி உண்டு. உட்கார வசதியாக இல்லை என்று வந்தால் அது கம்ப்ளைண்டே ஆகாது. புது செருப்பு மாதிரி, பழகிடும் என்று சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்ப வேண்டும். பாஸ்கர் சார் அதை அழகாகச் சொல்வார். வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

தேவராஜ் தலையாட்டவில்லை. அவர் ரோலிங் மில்லில் வேலை செய்பவர். நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல், காக்கி யூனிஃபார்மோடு ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். முந்தின வாரம்தான் அவருக்கும் அவர் மனைவிக்கும் மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றை இருபத்தெட்டாயிரத்துக்கு விற்றிருந்தேன்.

"சார், குந்தினா எழுந்துக்க முடியாத சோபா குடுத்துகிறீங்க. அது வந்த நாள்லேர்ந்து ஊட்டுக்காரி நின்னுகினே கீறா."

பாஸ்கர் சார் செருப்புக் கதையைச் சொன்னார்.

"செருப்பு கடிச்சா கழட்டி ஓரமா உட்டுடலாம் சார். இத்த இன்னா பண்றது? அவளே உள்ள மாட்டிக்கிறாளே."

ஏழுமலை அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். பாஸ்கர் சார் சிரிக்கவில்லை. முதலாளியைக் கேட்காமல் மாற்றித் தர முடியாது, ஆள் அனுப்பிப் பார்க்கிறேன் என்று சொல்லி அவரை அனுப்பினார். அந்த ஆள் நான்.

2. தீய்ந்த பருப்பு

கவரைப்பேட்டை தாண்டி உள்ளே போக வேண்டும். எங்கள் குட்டி யானை வண்டியில் கியர் மாற்றும்போதெல்லாம் கதவு தானாகத் திறக்கும். அதைக் கயிற்றால் கட்டியிருப்போம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வண்டி ஓட்டும் ஏழுமலை அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து போன அந்தப் பயணங்களை இப்போது ஆபீஸ் கேப்பில் போகும்போது நினைத்துக்கொள்வேன். வழியில் நாஷ்டாவுக்கு நிறுத்தினோம். அவர் அப்போதும் அந்த சோபாவைப் பற்றித்தான் பேசினார்.

"அந்தம்மா எங்க சோபா வாங்க வந்துது? மிலிட்டரி செலக்ஷனுக்கு வந்த மாறி இல்ல இருந்துது. குந்து, எழுந்துரு. குந்து, எழுந்துரு. அப்பவே நெனச்சேன், இது பேஜாரு கேஸுன்னு."

அவர் சொன்னது உண்மை. தேவராஜின் மனைவி எஸ்தர் அம்மா கடையில் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து பார்த்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். நன்றாகவே எழுந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் எங்கள் சோபா ஹாலை அடைத்துக்கொண்டு நின்றது. கைப்பிடிகளில் துவைத்த துண்டு விரித்திருந்தது. தேவராஜ் எங்களை அதில் உட்காரச் சொன்னார். ஏழுமலை அண்ணன் உட்கார்ந்தார், தேவராஜும் உட்கார்ந்தார். எஸ்தர் அம்மா மட்டும் சமையலறை நிலையில் தோளைச் சாய்த்தபடி நின்றார். நின்றபடியே டீ கொடுத்தார், நின்றபடியே விஷயத்தைச் சொன்னார்.

சிப்காட்டில் ஒரு பேக்கிங் யூனிட்டில் வருடக்கணக்காக நின்று வேலை செய்தவர். இரண்டு முட்டியும் போய், ஈ.எஸ்.ஐ.யில் ஒன்றுக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டபோது வந்த பி.எஃப். பணத்தில் தனக்கென்று அவர் வாங்கிய ஒரே பொருள் அந்த சோபா. அது வந்த அன்று தேவராஜ் டே ஷிப்டுக்குப் போய்விட்டார். பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு, ஆசையாக வந்து உட்கார்ந்திருக்கிறார். பிறகு எழுந்திருக்க முடியவில்லை. கையை ஊன்றினால் ஃபோம் அமுங்குகிறது, முட்டி மேலே நிற்கிறது, இடுப்பு கீழே இருக்கிறது. பருப்பு தீய்ந்து புகை ஹாலுக்கு வந்தபோதும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்து கேஸை நிறுத்தினார்.

"பையன் ஓசூர்ல கீறான். ஃபோன் பண்ணா, கூடமாட ஒரு ஆள் வச்சுக்கோம்மான்றான். என்னை எழுப்பி உடறதுக்கு ஒரு ஆளா? நான் இன்னா பள்ளத்துல உயுந்த லாரியா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, நான் குந்திப் பாத்த சோபா இது இல்ல. நீதான பக்கத்துல நின்ன? வேற எத்தையோ ஏத்தி அனுப்பிட்டீங்க."

டேப்பை எடுத்து அளந்தேன். சீட் உயரம் பதினைந்து இன்ச். கேட்லாகிலும் பதினைந்து. மாடல் நம்பர் அதே, துணி அதே, எங்களுக்கு சோபா செய்து அனுப்பும் காக்களூர் யூனிட்டின் ஸ்டிக்கர் அதே. ஃபிரேமைத் தட்டிப் பார்த்தோம், கல்லு மாதிரி இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று எப்படி அந்த அம்மாவிடம் சொல்வது? அந்தத் தடுமாற்றத்தில் கையிலிருந்த பென்சில் விழுந்து சோபாவுக்கு அடியில் உருண்டுவிட்டது. கையை விட்டேன். விரல் போயிற்று, மணிக்கட்டு போகவில்லை. தேவராஜ் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பிடித்தார், பென்சிலை எடுத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது எஸ்தர் அம்மா வாசல்வரை வந்தார். "நான் பொய் சொல்றேன்னு எய்திடாத தம்பி" என்றார். எழுதமாட்டேன் என்றேன். ஆனால் அவர் சொன்னது எப்படி உண்மையாக இருக்க முடியும் என்றும் எனக்குத் தெரியவில்லை.

கடைக்கு வந்து சொன்னதும் பாஸ்கர் சார் முதலாளிக்கு ஃபோன் போட்டார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. கடையின் பாலிசிதான் பதிலாக வந்தது. பொருளில் குறை இல்லை. வேண்டுமானால் எக்ஸ்சேஞ்ச் செய்யலாம், யூஸ்டு பீஸ் என்று இருபது பர்சென்ட் பிடிக்க வேண்டும், போக வர வண்டி வாடகை அவர்களுடையது. அப்படியே மாற்றினாலும், கடையில் இருந்த மற்ற சோபாக்களும் அதே உயரம்தான். தாழ்வாக இருப்பதுதான் ஃபேஷன்.

"நீயே ஃபோன் பண்ணிச் சொல்லிடு" என்றார் பாஸ்கர் சார். நாளைக்குச் சொல்கிறேன் சார் என்றேன்.

3. மாப்

மறுநாள் சரோஜா அக்கா இல்லாததால் கடையைத் துடைக்கும் முறை என்னுடையது. பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு மாப்பைத் தள்ளினேன். மனசெல்லாம் அந்த ஃபோன் காலில் இருந்தது. பிடித்தம் என்று எந்த இடத்தில் சொல்வது, முதலிலா கடைசியிலா என்று யோசித்துக்கொண்டே எஸ்தர் அம்மா உட்கார்ந்து பார்த்த அந்த டிஸ்பிளே சோபாவுக்கு அடியிலும் தள்ளினேன். மாப் தடங்கலே இல்லாமல் உள்ளே போய்ச் சுவரில் இடித்தது.

அங்கேயே நின்றுவிட்டேன். நேற்று என் மணிக்கட்டு போகாத இடத்தில் இன்று மாப்பின் தலை போகிறது.

குனிந்து பார்த்தேன். சோபாவின் ஆறு குட்டைக் கால்களுக்கும் கீழே ஆறு மரக்கட்டைகள். கால் கறுப்பு, கட்டையும் கறுப்பு பெயிண்ட். நின்று பார்க்கிறவனுக்கு எல்லாமே கால் என்றுதான் தோன்றும். டேப்பை வைத்தேன். சீட் உயரம் பதினெட்டு இன்ச்.

ஏழுமலை அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"ஆமா, கட்டை. ஒரு மழையில கடைக்குள்ள தண்ணி வந்துச்சுன்னு மொதலாளி வச்சாரு. நீ அப்போ ஸ்கூல்ல இருந்திருப்ப. அப்புறம் எடுக்கலாம்னா சரோஜா உடல. மாப் உள்ள போவறதுக்கு சௌகரியமா கீதுன்னா. புது மாடல் வந்தா பழச எறக்கிட்டு அதே கட்டை மேல வச்சுடுவோம்."

"அப்போ கஸ்டமர்ஸ் எல்லாரும் கட்டை மேலதான் உக்காந்து பாத்தாங்களா?"

அவர் அப்போதுதான் குனிந்து கட்டையைப் பார்த்தார்.

பாஸ்கர் சார் வந்ததும் காட்டினேன். குனிந்து கட்டையைத் தட்டிப் பார்த்தார். பிறகு, நான் பார்த்து முதல் தடவையாக, டிஸ்பிளே சோபாவில் உட்கார்ந்தார். எழுந்தார். "கட்டைய எடுங்க" என்றார். நானும் ஏழுமலை அண்ணனும் தூக்கி ஒவ்வொரு கட்டையாக உருவினோம். மறுபடி உட்கார்ந்தார். இந்தத் தடவை எழுந்திருக்க முயன்றபோது தொப்பை தடுத்தது. இன்னொரு தடவை முயன்றார். பிறகு என்னைப் பார்த்து, "கை குடுப்பா" என்றார்.

கை கொடுத்தேன். எழுந்த பிறகும் என் கையை விடவில்லை.

"எத்தனை பேர்கிட்ட பழகிடும்னு சொல்லியிருப்பேன்" என்றார்.

அதற்குமேல் அவர் முதலாளிக்கு ஃபோன் செய்யவில்லை. உருவிய கட்டைகளை ஏழுமலை அண்ணன் பக்கம் காலால் தள்ளி, இதையே அந்த அம்மா வீட்டு சோபாவில் ஸ்க்ரூ போட்டு முடுக்க முடியுமா என்று கேட்டார். அண்ணன் ஒரு கட்டையை எடுத்து மோந்து பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார். வேங்கை மரம், தாங்கும் என்றார்.

கட்டையின் பழைய பெயிண்டைச் சுரண்டி, சோபாவின் கால் மாதிரியே கறுப்புப் பாலிஷ் போட்டுக் காயவைத்து, மறுநாள் எடுத்துப் போனோம். இந்தத் தடவை பாஸ்கர் சாரும் வந்தார். அவருக்கு முன்சீட்டைக் கொடுத்துவிட்டு நான் பின்னால் நின்றுகொண்டேன். நடந்ததை எஸ்தர் அம்மாவிடம் அவரே சொன்னார். நீங்கள் உட்கார்ந்து பார்த்த சோபா இது இல்லைதான், அது கட்டை மேல் இருந்தது என்றார். எஸ்தர் அம்மா ஒரு கட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் தேவராஜிடம் நீட்டினார்.

"பாத்தியா. எனக்குதான் வயசாயிடுச்சுன்னு சொன்னியே."

சோபாவைக் கவிழ்த்து ஏழுமலை அண்ணன் வேலையை ஆரம்பித்தார். காலில் ஓட்டை போட்டால் வாரண்டி போய்விடும் என்று பாஸ்கர் சார் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார். "வாரண்டிய நீங்களே வச்சுக்குங்க சார், எங்களுக்கு கட்டை போதும்" என்றார் தேவராஜ். பாஸ்கர் சாரே சிரித்துவிட்டார்.

சோபாவை நிமிர்த்தி வைத்தோம். எஸ்தர் அம்மா கடையில் செய்த மாதிரியே இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். மூன்றாவது தடவை உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தேவராஜ் ஓர் அடி முன்னால் வந்தார்.

"எழுந்துக்க முடியும்" என்றார் எஸ்தர் அம்மா. நன்றாகச் சாய்ந்துகொண்டார். "எழுந்துக்கத்தான் போறதில்ல. இன்னிக்கு டீ நீ போடு."

தேவராஜ் போட்ட டீயில் சர்க்கரை அதிகம். சோபாவில் எஸ்தர் அம்மா உட்கார்ந்திருக்க, நாங்கள் நான்கு ஆண்களும் நின்றுகொண்டே குடித்தோம். அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல டீ குடித்துவிட்டேன். ஞாபகத்தில் நிற்பது அந்தப் பாகு டீதான்.

கடைக்குத் திரும்பியதும் எல்லா டிஸ்பிளே பீஸையும் தரையில் இறக்கினோம். முன்பு செருப்புக் கதை கேட்டுப் போனவர்களில் நம்பர் இருந்தவர்களுக்கு பாஸ்கர் சார் ஃபோன் செய்து, கட்டை வேண்டுமா என்று கேட்டார். சரோஜா அக்கா திரும்பி வந்து மாப் உள்ளே போகவில்லை என்று ஒரு வாரம் எங்களைத் திட்டினார். அன்றிலிருந்து கடையில் ஒரு பழக்கம் வந்தது. புது மாடல் இறங்கினால் முதலில் ஸ்டாஃப் எல்லோரும் அதில் ஒரு தடவை உட்கார்ந்து எழ வேண்டும்.

என் டீமில் இருப்பவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். கஸ்டமர் சொல்வதும் உங்கள் ஸ்கிரீனில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்றால், அவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். அவர் எங்கே உட்கார்ந்து பார்த்தார் என்று கேளுங்கள். முடிந்தால் நீங்களும் போய் அங்கே உட்காருங்கள்.

முதலாளி கல்யாணம் முடிந்து வந்தபோது பாஸ்கர் சார் எதையும் மறைக்காமல் சொன்னார். முதலாளி சோபாவின் காலைக் குனிந்து பார்த்தார். கட்டையை வைத்தது தான்தான் என்பது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கடைசியாக, நமக்கு எவ்வளவு ஆச்சு என்று மட்டும் கேட்டார்.

ஸ்க்ரூ, வாஷர், ஒரு டப்பா பாலிஷ், வண்டிக்கு டீசல். மொத்தம் நானூற்று அறுபது ரூபாய்.